விரற்கடை

சனிக்கிழமை காலை ஆறரை.
நெப்ராஸ்காவில், எங்கள் ஊர் தானியக் கிடங்கில்,
காபி இயந்திரம் இருமி முடிப்பதற்குள்
கோச் லிண்டெலுக்கு
மூன்று முறை வேலை போய்விட்டது.

"ரெண்டு வெற்றி, ஏழு தோல்வி.
இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?"
டுவைட் குசேரா கேட்கிறார்.
புருவத்தில் இன்னும் சோளம் அறுத்த தூசி.
அவர் மகன் ஆடி பத்தொன்பது வருடமாகிறது.
முழங்கால் உடைந்தது அவனுக்கு,
ஆறாதது இவருக்கு.

"பதினாலே பசங்க" என்கிறாள் ரோண்டா.
"பஸ்ஸில் ஏத்தி எண்ணுறவ நான்.
அதிலும் ஒருத்தன் பியானோ வகுப்புக்குப்
பாதியில் போயிடுவான்."

"பந்தை எறிஞ்சிருக்கணும்."
"அந்தக் காத்திலா? எறிஞ்சா
கேன்சஸில் போய்ப் பொறுக்கணும்."

மாட்டு வைத்தியர் ஆர்லோ விர்ப்கா
பேசுவதில்லை.
காகிதத் துண்டை விரித்து
உப்புப் பொட்டலங்களைத் தடுப்பு வரிசையாக நிறுத்தி
சர்க்கரைப் பொட்டலத்தை இடப்பக்கமாக ஓட்டுகிறார்.
ஒவ்வொரு சனிக்கிழமையும் கோல்தான்.
சர்க்கரை இதுவரை
பந்தை நழுவவிட்டதே இல்லை.

உலைக்கு மூடி உண்டு, ஊருக்கு இல்லை.
எங்கே சுற்றினாலும் பேச்சு வந்து நிற்பது
நேற்றிரவு, பெல்வார்ட்டுக்கு எதிராக,
கடைசி நாலு நிமிடம்.
பிளேஆஃப் ஆசையெல்லாம் செப்டம்பரிலேயே செத்தது.
இது வெறும் பெல்வார்ட் ஆட்டம்,
அதாவது எல்லாமும்.

இரண்டு புள்ளி முன்னிலை. சொந்தப் பாதி.
நாலாவது முயற்சி, இன்னும் ஒரு கஜம்.
உதைத்து அனுப்பியிருக்கலாம்.
"சின்னப் பிள்ளைக்கும் தெரியும்!"
மேஜையில் டுவைட்டின் கை இறங்குகிறது,
உப்பு வரிசை சரிகிறது.

நான் சங்கிலி பிடிப்பவன்.
பதினோரு வருடமாகக் கோட்டோரம்,
பத்து கஜ இரும்பின் பின்முனைக் கம்பு என்னுடையது.
கோச்சுக்கும் எனக்கும் நாலடி தூரம்.
அவர் பையன்களிடம் கேட்டது ஒன்றே ஒன்று:
"மூச்சு இருக்கா?"
வாயோரம் நுரை தள்ளி நின்ற கோல்பி
"இருக்கு" என்று பொய் சொன்னான்.
"அப்போ போங்க."

போனார்கள். விழுந்தார்கள்.
குவியலைப் பிரித்துப் பந்தைக் கண்டெடுத்து
எங்களைக் கூப்பிட்டார் நடுவர்.
சங்கிலியை இழுத்து விறைத்தோம்.
மைதானமே எழுந்து நின்றது.
ஒரு விரற்கடை குறைந்தது.

"நீ பக்கத்துலதானே இருந்தே? காட்டு, எவ்வளவு?"
கட்டைவிரலையும் ஆள்காட்டியையும் பிரித்து
காட்டுகிறேன்.
எல்லோரும் குனிந்து பார்க்கிறார்கள் அந்த இடைவெளியை,
லிண்டெல் அதற்குள்தான் ஒளிந்திருப்பதுபோல.

நான் காட்டாதது:
சங்கிலியைக் கோட்டோடு மாட்டும் கவ்வி
அக்டோபரிலேயே உடைந்துவிட்டது.
முதல் முயற்சிக்கு முன்னால் என் சட்டைப்பை அதிர்ந்தது.
டிரையர் நின்றுவிட்டது என்று செய்தி,
உள்ளே எட்டாயிரம் புஷல் ஈரச் சோளம்.
கம்பைத் தோளில் சாய்த்துப் படித்தேன்.
பிறகு திரும்ப நட்டேன்,
குதிகால் பள்ளம் இருந்த இடத்தில்.
இருந்ததாக நான் நினைத்த
இடத்தில்.

கதவு மணி அடிக்கிறது.
லிண்டெல். தலையில் பழைய கம்பளித் தொப்பி.
நாய்த் தீனி நாற்பது பவுண்டு, ஒரு மூட்டை.
சட்டென்று எல்லோருக்கும் சோளத்தின் ஈரம் பற்றி
சொல்ல நிறைய இருக்கிறது.
"பதினாறு சதவீதம்" என்கிறார் டுவைட்,
சுவரைப் பார்த்து.
ஆர்லோ சர்க்கரையைப் பிரித்துக்
காபியில் கொட்டிவிடுகிறார்.

பணம் கொடுத்து, மூட்டையைத் தோளேற்றி,
வாசலில் ஒரு கணம் நின்று
என்னைப் பார்த்துக் கேட்கிறார்,
மெதுவாக,
வகுப்பில் விடை தெரிந்த கேள்வியைக் கேட்பதுபோல:

"டிரையர் சரியாச்சா?"

சரியாச்சு, என்றேன்.

விரல்கள் இன்னும் மேஜைமேல்
விரிந்தபடியே இருந்தன.
மடக்கத் தோன்றவில்லை.